பேபியம்மாளின் நான்கு பல்

விஜிலா கை பட்ட ரிங் உடையாது என்று பல் கட்டும் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தூத்துக்குடியில் செராமிக் பல்லை பிரஸ் செய்கிற லேப் அவள் வேலை பார்க்கிற லேப் ஒன்றுதான். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும்கூட அவளுக்கு போன் வரும். "அக்கா, நேத்தும் ஒண்ணு வெடிச்சிட்டு. என்ன செய்யட்டும்?" என்று அழாத குறையாகக் கேட்பார்கள்.

ரிங் என்றால் விரலில் போடுகிற மோதிரம் அல்ல. முதலில் மெழுகில் பல் செய்ய வேண்டும். அதைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடியைத் திரவத்தில் குழைத்து ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் டம்ளர் அளவுக்கு உருளையாக இறுகி நிற்கும். அதுதான் ரிங். அதை ஃபர்னஸில் வைத்துச் சுட்டால் உள்ளே இருக்கிற மெழுகு எரிந்துபோய், பல் இருந்த இடம் வெறும் பொந்தாக நிற்கும். அப்புறம் ரிங்கின் வாயில் செராமிக் கட்டியை வைத்து பிரஸ் மெஷினுக்குள் விட்டால், கட்டி இளகி, மேலிருந்து விழுகிற அழுத்தத்தில் அந்தப் பொந்துக்குள் இறங்கிப் பல்லாகிவிடும். ரிங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போச்சு. அழுத்தம் விரிசல் வழியாக வெளியேறிவிடும். செராமிக்கும் போகும், மெழுகில் இழைத்து இழைத்துச் செய்த வேலையும் போகும்.

போனில் கேட்கிறவர்களுக்கு விஜிலாவின் பதில் வசவில்தான் ஆரம்பிக்கும். "பொடிப் பாக்கெட்டத் தொறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போனியா? கடக்காத்து பட்டா அப்பளமே நமத்துப் போவுது, பொடி நமக்காதா?" என்பாள். திரவத்தைக் கண்ணளவில் ஊற்றாதே என்பாள். இறுகுகிற நேரத்தில் மேசையைக்கூடத் தொடாதே, அவசரப்பட்டு ஃபர்னஸில் வைக்காதே, அதற்காக மறுநாள் வரைக்கும் காயப் போட்டும் வைக்காதே என்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்வாள். திரவத்தோடு சேர்க்கிற தண்ணீர் பாட்டிலில் வருகிற காய்ச்சி வடித்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். "நம்ம ஊரு பைப்புத் தண்ணிய வாயில வச்சுப் பாத்திருக்கியா? உப்புத் தண்ணியில சோறே வேகாது, இது எங்க இறுகும்?"

இத்தனை சொன்னவள் கையில் ஒரு ரிங் உடைந்தது. அது அவளைப் பெற்ற தாயின் பல்லுக்காக ஊற்றிய ரிங்.

தாயின் பெயர் பேபி. அறுபதைத் தாண்டியவளுக்கு என்ன பேபி என்று கேட்டால், "ஞானஸ்நானத்துல வச்ச பேரு, சாமியார்ட்டப் போயிக் கேளு" என்பாள். பெரியதாழையில் பிறந்து, தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்குக் கோவிலில் ஒரு வேலை உண்டு. பெரிய வெள்ளி சாயங்காலம் வழிபாடு முடிந்ததும் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கித் தூம்பா என்கிற சவப்பெட்டியில் கிடத்துவார்கள். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, இழவு வீட்டில் அழுவது மாதிரியே ஒப்பாரி வைப்பார்கள். அதில் மாதாவின் ஒப்பாரி பேபிக்குரியது. அவளே கட்டிய அடி ஒன்று உண்டு.

"சொமந்த வயிறு இங்க இருக்க, சிலுவைய ஏன் சொமந்தே என் ராசா" என்று அவள் எடுக்கும்போது, வாசலில் பீடி குடித்துக்கொண்டு நிற்கிற ஆம்பிளைகளும் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

இழவு வீடுகளிலும் அவள்தான் முதலில் குரல் எடுப்பாள். ஆனால் ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள். ஒப்பாரியில் பொய் சொல்லக் கூடாது. "செத்தவுக காதுல கடைசியா விழுறது நம்ம சத்தந்தான். பொய்யச் சொன்னா அதையும் சொமந்துட்டுல்லா அங்கன போவணும்" என்பாள். அவள் புருஷன் பவுல் தோணியில் வேலை பார்த்தவர். குடிக்கிற நாளில் கை நீளும். அவர் செத்துக் கிடந்தபோது ஊரே கேட்க அவள் பாடினாள். "அடிச்ச கையி ஆறிப்போச்சே, அரட்டுன வாயி மூடிப்போச்சே, அடி வாங்க நானிருக்கேன், எந்திரிச்சு வாருமய்யா." பவுலின் அக்கா தங்கச்சிகளுக்கு முதலில் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் அவர்களும் சேர்ந்து விழுந்து அழுதார்கள்.

அந்தப் பேபிக்குத்தான் போன கிறிஸ்துமசுக்குப் பிறகு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று விஜிலாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் பேபியே அதைச் சொல்லிவிட்டாள். "என்னளா, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வாரே? இந்தப் பெரிய வெள்ளிக்குப் பாடிட்டாப் போதும். அடுத்ததுக்கு ஆண்டவர்ட்ட நேர்லயே பாடிக்கிடுதேன்."

அதுவும் நடக்காது போலிருந்தது. தபசு காலம் ஆரம்பித்த வாரமே குசினி வாசல்படியில் தலைசுற்றி விழுந்து, மேல்வரிசை முன்பல் நான்கும் பாதியாக உடைந்துபோயின. வலி போனதும் அவள் முதலில் செய்த காரியம் அந்த அடியைப் பாடிப் பார்த்ததுதான். "சொமந்த" என்ற சொல்லே வரவில்லை. பல்லில்லாத சந்து வழியாகக் காற்று ஊதிக்கொண்டு போய், "ஹொமந்த, ஹிலுவைய" என்று கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்துவிட்டது. சிரித்தது பிள்ளைதான், பாவம். ஆனாலும் அன்றைக்குச் சேலை முந்தானையால் வாயை மூடியவள்தான், யார் வந்தாலும் கையை எடுக்கவில்லை.

ஊரில் யார் யாருக்கோ பல் செய்கிறவள் விஜிலா. கல்யாணப் பெண்ணுக்கும் கப்பல் ஏறுகிற மாப்பிள்ளைக்கும் செய்கிறவள். சாகக் கிடக்கிற தாய்க்கு ஒரு பாட்டுப் பாடப் பல் இல்லை என்றால் அவள் என்ன தொழில் பார்த்து என்ன? கிளினிக்கில் டாக்டர் பானுப்ரியாவிடம் கெஞ்சினாள். வேருக்கு வைத்தியம் செய்ய வேண்டும், நடுவில் பேபிக்குக் காய்ச்சல் வேறு. எல்லாம் முடிந்து பல்லைத் தேய்த்து அளவு எடுக்கும்போது பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறும் தாண்டி, செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் பல் ராத்திரிக் கஞ்சியோடு கழன்று தொண்டைக்குள் போகப் பார்த்தது. "இது ஆளக் கொன்னுரும். எனக்கு நீ செய்யுத பல்லே போதும்" என்று பேபி அதைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார். திங்கட்கிழமைதான் திரும்புவார். வியாழன் காலையில் பல் கிளினிக்குக்கு வந்துவிட்டால் ஒட்டிவிட்டுப் போவார். இல்லையென்றால் ஈஸ்டர் கழித்துத்தான்.

புதன்கிழமை காலையில் விஜிலா லேப்புக்குக் கிளம்பும்போது பேபி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பழைய இருமல் மருந்து பாட்டில். முக்கால்வாசி தண்ணீர் இருந்தது.

"சாமியார் மந்திரிச்சுத் தந்த தண்ணி. எம்பல்லு செய்யும்போது இதுல ஒரு சொட்டு ஊத்திக்கிடு."

"அதெல்லாம் அங்கன ஊத்த முடியாதும்மா. அளவு இருக்கு."

"என்ன பெரிய அளவு? மாதா பாட்டு பாடுத வாயி. ஒரு சொட்டு ஊத்துளா" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்காக ஊத்து மக்கா."

விஜிலா பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்போது ஊற்றுவதாக எண்ணமில்லை. அம்மாவின் மனசுக்காக வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

லேப்பில் மத்தியானம் வரைக்கும் மெழுகில் நான்கு பல்லையும் இழைத்தாள். அம்மாவின் பழைய கல்யாணப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது பக்கப் பல் ஒன்று லேசாக முன்னால் வந்திருப்பதைக்கூட விடாமல் செய்தாள். லேப் முதலாளி வன்னியபெருமாள் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "கோணலா இருக்க பல்லையும் கோணலாவே செய்யுதியே விஜிலா. நேரா செஞ்சிரலாம்லா?" என்றார்.

"நேரா செஞ்சா எங்க அம்மா இல்ல அண்ணாச்சி."

அதற்கப்புறம் பொடியை எடை போட்டாள். திரவத்தை ஊசிக்குழலில் அளந்தாள். தண்ணீர் எடுக்கக் கை நீட்டினாள். காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. அவள் கை அதன்மேல் போய் நின்றது. எனக்காக ஊத்து மக்கா என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. அவள் தாய் ஆயுசில் அவளிடம் கெஞ்சியதே இல்லை. ஏவியிருக்கிறாள், ஏசியிருக்கிறாள், முதுகில் ரெண்டு வைத்திருக்கிறாள். கெஞ்சியது அன்றைக்குத்தான். சேர்க்க வேண்டியது கொஞ்சம் தண்ணீர்தானே, கோவில் தண்ணீர்தானே, கண்ணாடி மாதிரி தெளிவாகத்தானே இருக்கிறது என்று விஜிலா தனக்குத் தானே வக்கீலாகப் பேசிக்கொண்டாள். வேறு யாராவது அவள் முன்னால் இப்படிச் செய்திருந்தால் வாயில் வந்தபடி திட்டித் தீர்த்திருப்பாள். கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, சேர்க்க வேண்டிய தண்ணீர் முழுவதையும் அதிலிருந்தே எடுத்து ஊற்றினாள்.

குழைக்கும்போதே கலவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கெட்டியாயிற்று. அவளுக்கு அது தெரிந்தது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இறுகி வந்த ரிங் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஃபர்னஸில் வைத்துச் சுட்டு, லேப்பில் மிச்சமிருந்த கடைசிச் செராமிக் கட்டியை வாயில் இறக்கி பிரஸ் மெஷினுக்குள் விட்டாள். அடுத்த பார்சல் சனிக்கிழமைதான் வரும்.

மெஷின் அழுத்த ஆரம்பித்தபோது உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. விஜிலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ரிங்கை வெளியே எடுத்தபோது உச்சியிலிருந்து அடிவரைக்கும் வாய் பிளந்திருந்தது. செராமிக் அந்தப் பிளவு வழியாக வழிந்து, பானையில் பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்ததுபோல் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஆறினபிறகு உடைத்துப் பார்த்தாள். இரண்டு பல் பாதிதான் இருந்தது. மற்ற இரண்டு பல்லாகவே இல்லை.

அவள் இருமல் மருந்து பாட்டிலைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. பைப்புத் தண்ணீர் கரிப்பு இல்லை, அள்ளிப் போட்ட உப்பின் கரிப்பு. வீட்டில் மாதா படத்துக்குக் கீழே சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்புப் பொட்டலம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அதில் ஒரு கல் போட்டுத்தான் பேபி தண்ணீர் கொடுப்பாள். சக்தி இன்னும் கூடட்டும் என்று இதிலும் போட்டிருக்கிறாள். பொடியோடு சேர்க்கிற அந்தத் திரவத்தில் உப்புப் பட்டால், பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த கதைதான். திரிந்துவிடும். அப்புறம் எவ்வளவு இறுகினாலும் அதில் வலு இருக்காது.

"என்ன விஜிலா, ஒன் கையிலயா?" என்று அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். அவள் மறைக்கவில்லை. பாட்டிலைக் காட்டிச் சொன்னாள். ஏசுவார் என்று நினைத்தாள். அவர் உடைந்த ரிங்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அம்மை திருநீறு தந்து போடச் சொல்லியிருந்தா நானும் போட்டிருப்பேன்" என்றார். ரிங்கை மேசையில் வைத்தார். "ஒங்க அம்மைக்கிட்ட என்ன சொல்லப் போறே?"

விஜிலா பாட்டிலை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே பேபி முகத்தைப் பார்த்துவிட்டாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். முந்தானை வாயில் இருந்தது.

"பல்லு உடைஞ்சிட்டா?"

"ஆமாம்மா. கட்டியும் தீந்துபோச்சு, திருநெல்வேலியில வாங்கியாந்தாலும் காலைக்குள்ள முடியாது. இனிமே திங்கக்கிழமைதான்."

பேபி சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். திரும்பி மகளைப் பார்த்தாள். "தண்ணி ஊத்துனியா?"

ஊற்றினேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று விஜிலாவுக்குத் தெரியும். வலி ஊசி போட்டும் தூக்கம் வராத ராத்திரிகளில் அவள் தாய் ஒரு கையில் செபமாலையும் இன்னொரு கையில் அந்தத் தண்ணீரும் வைத்துக்கொண்டுதான் கிடக்கிறாள். அதைத் தொட்டு வயிற்றில் தடவிக்கொள்கிறாள். மருந்து கைவிட்ட உடம்புக்கு அது ஒன்றுதான் மிச்சம். அந்தத் தண்ணீர்தான் உன் பல்லை உடைத்தது என்று எந்த வாயால் சொல்வது?

"இல்லம்மா. மறந்துட்டேன்."

பேபியின் கண் நிரம்பிவிட்டது. "மறந்தியா? மனசு வரல்லியா?" என்றாள். "ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு ஊத்தச் சொன்னேன். ஒந்தொழில்ல ஒனக்கு அம்புட்டு மெதப்பு. ஆண்டவரு எதுக்கு, நான் இருக்கேன்லான்னு நெனச்சிருப்பே."

விஜிலா நின்றபடியே கேட்டுக்கொண்டாள். அழுகை வந்தது. அழுதால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று, பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கஞ்சிக்கு உலை வைத்தாள்.

பெரிய வெள்ளியன்று பேபியை ஆட்டோவில்தான் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். தூம்பாவுக்குப் பக்கத்தில் பேபி உட்காருகிற இடத்தைப் பெண்கள் காலியாகவே வைத்திருந்தார்கள். அவள் அங்கே போகவில்லை. பின்னால் தூண் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துத் தெரு ஜீவமணி அவள் இடத்தில் உட்கார்ந்து பாடினாள். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பேபி கட்டிய அந்த அடிக்கு வரும்போது ஜீவமணிக்குச் சொல் மறந்துவிட்டது. நிறுத்திவிட்டுத் திரும்பி பேபியைப் பார்த்தாள். கோவிலே திரும்பிப் பார்த்தது. முந்தானைக்குப் பின்னால் பேபியின் உதடு அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜீவமணி அடுத்த அடிக்குப் போய்விட்டாள். விஜிலா தன் தாயின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப முடியவில்லை.

சனிக்கிழமை பார்சல் வந்தது. அன்று காலையிலும் பேபி பாட்டிலை நீட்டினாள். "இந்தத் தடவையாவது ஊத்து" என்றாள். விஜிலா வாங்கிக்கொண்டு போனாள். மறுபடியும் நான்கு பல்லையும் மெழுகில் இழைத்தாள். கைப்பையைத் திறக்கவே இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரை அளந்து ஊற்றினாள். ரிங் அம்மிக்கல்லாக நின்றது. நான்கு பல்லும் ஒரு பிசிறு இல்லாமல் வந்தன.

"ஊத்துனியா?" என்று வீட்டில் பேபி கேட்டாள்.

"ஊத்தினேம்மா."

"பாத்தியா! அப்பமே சொன்னேன், கேட்டியா?"

திங்கட்கிழமை டாக்டர் பல்லை ஒட்டினார். பேபி கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். இடது பக்கத்துப் பல்லின் கோணலை விரலால் தொட்டுப் பார்த்தாள். "என் பல்லேதாம்ளா" என்றாள். வீட்டுக்கு வந்ததும் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். பார்க்க வந்த ஜீவமணியிடம், மற்றவர்களிடம், பால்காரரிடம்கூடச் சிரித்துக் காட்டினாள். ஒவ்வொருவரிடமும் கதையையும் சொன்னாள். "மொதத் தடவ எம்மவ மெதப்புல தண்ணி ஊத்தல்ல, வெடிச்சிட்டு. ரெண்டாந் தடவ ஊத்துனா, பாருங்க எப்படி வந்திருக்குன்னு." வந்தவர்கள் விஜிலாவைப் பார்த்துச் செல்லமாகக் கண்டித்துவிட்டுப் போனார்கள். அவள் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போனபிறகு அவள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அம்மா, அந்த மாதா ஒப்பாரிய இப்பம் ஒரு தடவ பாடேன். எனக்கு மட்டும்."

பேபி அவளை விநோதமாகப் பார்த்தாள். "கூறுகெட்டவளே, அவரு உயிர்த்தெழுந்துட்டாருல்லா? உயிரோட இருக்கவரப் பாத்து ஒப்பாரி வைப்பாவளா? இனிமே அடுத்த பெரிய வெள்ளிக்குத்தான்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று வீட்டை அதிரவைத்துக்கொண்டு போயிற்று.

சித்திரை முடிவதற்குள் பேபிக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைபூசுதலுக்குச் சாமியார் வந்துபோன அன்றைக்கு மகளைக் கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் சொல் சொல்லாகத் தெளிவாக இருந்தது. பல் இருந்ததல்லவா.

"சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். அந்த ஒரு சொட்டுத் தண்ணிக்காக ஒம்மேல மனத்தாங்கலா இருந்தேன் மக்கா. பெத்த பிள்ள மேல அப்படி இருக்கப்படாது. நான் ஒன்ன மன்னிச்சிட்டேன். நீ அத நெனச்சி அழாத."

உண்மை விஜிலாவின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் அந்த இருமல் மருந்து பாட்டில் இருந்தது. பேபியின் கை அதைத் தேடித் துழாவியது. விஜிலா அதை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "சரிம்மா" என்றாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் பேபியின் உயிர் பிரிந்தது.

நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். உதடு சரியாக மூடாமல் லேசாகத் திறந்திருந்தது. நான்கு பல்லும் தெரிந்தன. "சொந்தப் பல்லு மாதிரியே இருக்கே" என்று வந்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணாச்சி லேப் ஆட்களோடு வாசல் பந்தலில் நின்றார். ஜீவமணி தலைமாட்டில் உட்கார்ந்து குரல் எடுத்தாள். ஒரு சுற்று முடிந்ததும் விஜிலாவின் தோளைத் தொட்டாள். பெற்ற மகள் ஒரு அடியாவது சொல்லி அழ வேண்டும். அதுதான் முறை.

விஜிலாவுக்குப் பாட்டு வராது. ஆயுசில் பாடியதில்லை. தாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது? நல்ல தாயே, பொன்னான தாயே என்று எதையாவது சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் செத்தவுக காதுல கடைசியா விழுறது நம்ம சத்தந்தான் என்று சொன்னவள் அல்லவா கிடக்கிறாள். பொய்யைச் சுமந்துகொண்டா போக வேண்டும்? உண்மையைச் சொன்னால் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டுமே. அவளால் இரண்டையும் தாங்க முடியவில்லை. தாயின் கட்டளை எதுவோ அதன்படி செய்தாள்.

"ஊத்தினேனம்மா" என்றாள். ராகம் இல்லை, வெறும் கதறல்தான். "நீ தந்த தண்ணிய மொதத் தடவையே ஊத்தினேனம்மா! நீ சொன்ன ஒரு சொட்டு இல்ல, முழுசும் ஊத்தினேனம்மா! அதுலதான் ஒடைஞ்சிச்சி, எம்மா! மெதப்பு இல்லம்மா, மெதப்பு இல்ல. ரெண்டாந் தடவதான் ஊத்தல்ல. ஒன் நம்பிக்கைய ஒடைக்க மனசு வரல்ல. நீ பாடாம போயிட்டியே எம்மா, எங்கையால பாடாம போயிட்டியே!"

சுற்றியிருந்த பெண்கள் யார் எதைச் சொல்லி அழுதாலும் சொல்கிற பதிலைத்தான் சொன்னார்கள். "என்னப் பெத்த தாயே, எங்க போறே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஆடினார்கள். துக்கத்தில் பிள்ளை என்னவோ உளறுகிறது என்று ஜீவமணி அவளை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். வாசலில் அண்ணாச்சி மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு தெருப் பக்கம் போய்விட்டார்.

சாமியார் வந்தார். பெண்கள் அழுகையை அடக்கி ஒதுங்கினார்கள். செபம் சொல்லி முடித்து, செம்பிலிருந்து மந்திரித்த தண்ணீரை எடுத்துத் தெளித்தார். நெற்றியிலும் கன்னத்திலும் விழுந்தது. ஒரு சொட்டு திறந்திருந்த உதட்டுக்கு நடுவில் விழுந்து, அந்தக் கோணல் பல்லின்மேல் நின்றது. ஜீவமணி சேலைத் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனாள்.

விஜிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் அக்கா" என்றாள். "அம்மாவுக்கு அது வேணும்."